சிரிக்காத மஞ்சள் கரடி

படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயத்தை நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். திண்டிவனத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். நாலு பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். வண்டியில் ஏறும் பிள்ளைகளிடம் மட்டும்தான் தாராளமாகப் பேச்சு வரும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கைகால் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி மேடம் கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். "அண்ணா, இந்த நோய் வந்து படுக்குறவங்க, இனிமே எழுந்திரிக்கவே மாட்டோம்னு நெனச்சுப் பயத்துலயே பாதி ஆயிடறாங்க. நீங்க பட்டத எழுதிக் குடுங்க, அவங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றார். எழுத்தில் தப்பு இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

எல்லாம் ஒரு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது. அது இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. செருப்புதான் சரியில்லை என்று செருப்பை மாற்றினேன். பிறகு ஒரு மாலை, கடைசிப் பிள்ளையை அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்து கிளட்சை மிதித்தேன். கால் மிதித்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வண்டியை ஓரங்கட்டிச் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் முன்னால் அப்படி ஆகியிருந்தால் வண்டி நிறையப் பிள்ளைகள்.

மறுநாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி செல்வி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தெரு முனை டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்ன சுத்தியலால் தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டுமாம். என் கால் அது பாட்டுக்குத் தொங்கியது. அவர் மருந்துச் சீட்டு எழுதவில்லை. "இன்னைக்கே முண்டியம்பாக்கம் போயிடுங்க. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க" என்றார். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள் தேவியும் மருமகனும் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்றார்கள். அதற்குள் குறுகுறுப்பு கைக்கு ஏறியிருந்தது.

அங்கே முதலில் முதுகெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும். பக்கவாட்டில் சுருண்டு படுத்து, செல்வியின் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தேன், முடிந்துவிட்டது. இன்னொரு பரிசோதனையில் கையிலும் காலிலும் லேசாகக் கரண்டு வைத்து, நரம்பு அதை எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்று பார்த்தார்கள். சுளீர் சுளீர் என்று இருக்கும். கரண்டு வைத்த பெண் ஒவ்வொரு முறையும் "சாரிப்பா, சாரிப்பா" என்றார். அத்தனை முறை யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

நோயின் பெயர் கில்லன் பாரே. டாக்டர் சொன்னதை நான் என் வண்டியை வைத்துப் புரிந்துகொண்டேன். ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? எலி அந்த உறையைக் கடித்துவிட்டால் பேட்டரி நன்றாக இருந்தாலும் விளக்கு எரியாது. நம் நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. வயிற்றுப்போக்குக் கிருமியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் அடங்காமல் அந்த உறையைக் கடித்துவிடுகிறது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். இது பக்கவாதம் இல்லை, மூளைக்கு ஒன்றும் ஆகாது. உறை மறுபடி வளரும், ஆனால் மெதுவாக வளரும்.

"மூச்சு விடுற தசைக்கு ஏறாம இருக்கணும். அத மட்டும் இப்ப பாத்துக்கறோம்" என்றார் டாக்டர். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். யாராவது வந்து, "மூச்ச இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் குழாய் வைக்க வேண்டியிருக்கும். நான் தினமும் பிள்ளைகளுக்கு வண்டியில் ஒன்று இரண்டு சொல்லிக்கொடுக்கிறவன். அந்தப் பழக்கத்தில் ராகம் போட்டு எண்ணிவிட்டேன் போலிருக்கிறது. சிஸ்டர் சிரித்துவிட்டார். "எல்.கே.ஜி. வாத்தியாராய்யா நீங்க?" என்றார். நல்ல வேளையாக மூச்சு வரை ஏறவில்லை.

மருந்து, பாட்டில் பாட்டிலாக ரத்தக் குழாயில் ஏறியது. பலருடைய ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தியாம் அது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம். வெளியில் வாங்கினால் நம்மால் ஆகாத விலை என்று மருமகன் சொல்லியிருந்தார். செல்வி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து தயாராக வைத்திருந்தாள். ஆனால் அந்தச் செலவை அரசுக் காப்பீட்டு அட்டையில் சேர்த்துக்கொண்டார்கள். கைக்குட்டையிலிருந்து சங்கிலி மறுபடி அவள் கழுத்துக்குப் போனது. அதை அவள் மாட்டிக்கொண்ட நேரத்தில் எனக்குக் கை இல்லாததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

கை இல்லாததால் என்று எழுதிவிட்டேன். கை இருந்தது. என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பொது வார்டுக்கு மாற்றியபோது தோளைக் கொஞ்சம் அசைக்க முடிந்தது. விரல்கள் மட்டும் வேறு யாருடையதோ போலக் கிடந்தன. டம்ளர் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. அத்தனை பேர் பார்க்கச் செல்வி எனக்கு இட்லி ஊட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பேன்.

"கண்ண மூடிக்கினா மட்டும் நீ இல்லன்னு ஆயிடுமா டிரைவரே? கண்ணத் தொறந்து சாப்புடு, சட்னி நல்லாருக்கு" என்பார் பக்கத்துக் கட்டில் கோவிந்தசாமி. விக்கிரவாண்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். மல்லாட்டை போடுகிற விவசாயி, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சர்க்கரையால் காலில் ஆறாத புண், தினமும் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றும்போது மட்டும் வாயை மூடுவார். அவருடைய மருமகள் மல்லாட்டைத் துவையல் அரைத்து எடுத்து வருவாள். முதல் உருண்டை எனக்குத்தான்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. கால் வந்துவிடும் என்று ஏனோ நம்பிக்கை இருந்தது. விரல் வராவிட்டால்? ஸ்டீயரிங் பிடிக்காமல், கியர் போடாமல், நான் யார்? வேறு தொழில் எனக்குத் தெரியாது.

பிசியோ மேடம் சின்ன வயது. தினமும் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிடுவார். "மெத்துனு ஒரு பந்து வாங்கி அமுக்கிக்கினே இருங்கண்ணா. எவ்வளவு அமுக்குறீங்களோ அவ்வளவு சீக்கிரம் வரும்" என்றார். பந்து வாங்கி வரும்படி செல்வி மகளுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் தேவி வந்தாள். பந்து இல்லை. பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மஞ்சள் கரடியை எடுத்தாள்.

"அப்பா, பந்து வாங்கலாம்னு கெளம்பினா ஒம் பேத்தி உடல. தாத்தாவுக்கு புஜ்ஜியக் குடு, புஜ்ஜி சிரிக்க வெக்கும்னு ஒரே அழுக."

எனக்கு மூன்று வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள், யாழினி. புஜ்ஜி என்பது அவளுடைய கரடி. மருமகனின் நண்பர் ஒருவர் கோட்டக்குப்பத்துக்காரர். அவர் துபாயிலிருந்து வந்தபோது வாங்கிவந்து கொடுத்தது. வயிற்றை அமுக்கினால் உடம்பு குலுங்கக் கிக்கிக்கீ என்று சிரிக்கும், தொடையில் தட்டிக்கொள்ளும், சிரித்துச் சிரித்துப் பின்பக்கமாக உருளும். அழுக்காகிவிடும் என்று வந்த உறைக்குள்ளேயே மறுபடி போட்டு ஒட்டி ஷோகேசில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். மூன்று வயதுப் பிள்ளை அப்படிப்பட்டதை எடுத்துக் கொடுக்கச் சொன்னதே பெரிசு.

"இத வெச்சே அமுக்குப்பா. பந்து மாதிரிதான மெத்துனு இருக்கு. நல்லா அமுக்கினா சிரிக்கும், அப்ப ஒனக்கே தெரியும்ல?" என்று தேவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். அவளும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

"கவரப் பிரிக்க வேணாங்க. கொழந்த பொம்மைக்கு மருந்து வாசன ஒட்டிக்கும்" என்றாள் செல்வி. சரி என்றேன்.

பெரிய ஆம்பளை, ஆண்கள் வார்டில், கரடி பொம்மையை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? அதைப் போர்வைக்குள் வைத்து, கையை அதன் வயிற்றின் மேல் போட்டு அமுக்கினேன். சத்தம் இல்லை. முதல் நாள்தானே என்று விட்டேன். அடுத்த நாளும் அமுக்கினேன். அதற்கடுத்த நாள் இரண்டு கைக் கட்டைவிரலையும் சேர்த்து வைத்து அமுக்கினேன். உறை சரசரவென்றது. கரடி உம்மென்று கிடந்தது.

"டிரைவரே, போர்வைக்குள்ள இன்னா? கோழி கீழி வளக்கிறியா? சரசரன்னுது" என்றார் கோவிந்தசாமி.

"ஒண்ணுமில்லங்கய்யா, மருந்து கவரு."

இப்படியே நாட்கள் போயின. விடிந்ததும் அமுக்குவேன், சாப்பிட்டதும் அமுக்குவேன், வார்டு அசந்து கிடக்கும் மத்தியானத்தில் அமுக்குவேன். ஒரு மூன்று வயதுப் பிள்ளை அமுக்கினால் சிரிக்கும் பொம்மை என் கைக்குச் சிரிக்கவில்லை. அப்படியென்றால் என் கையில் அந்தப் பிள்ளையின் பலம்கூட இல்லை.

பிசியோ மேடம் தினமும், "சூப்பர்ணா, நேத்தைக்கு இன்னைக்கு நல்ல முன்னேற்றம்" என்பார். டாக்டரும் "வந்துக்கினே இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மனுஷர்கள் ஆறுதலுக்குச் சொல்வார்கள். பொம்மைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் நான் பொம்மையைத்தான் நம்பினேன்.

ஒருநாள் செல்வி தலை வாரிவிடும்போது சொன்னேன். "பள்ளிக்கூடத்துத் தாளாளர் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிடு. வேற டிரைவரப் பாத்துக்கட்டும்."

சீப்பு நின்றது. "எதுக்கு?"

"பசங்க வண்டி. என்னை நம்பிக்கினு எத்தினி நாளைக்கு அவங்க காத்துக்கினு இருப்பாங்க? என் கை வராது செல்வி."

"வராதுன்னு யார் சொன்னது?"

கரடி சொன்னது என்று எப்படிச் சொல்வது? "சொல்லிடு" என்றேன் மறுபடியும். அவள் வாரி முடித்தாள். சாயந்திரம் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வந்து, "ஆச்சு" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். அன்று அவள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்த பிறகு, நாங்கள் இரண்டு பேருமே தூங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, ஒரு காலையில், பிசியோ மேடம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். நான் போர்வைக்குள் கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். "கையக் குடுங்கண்ணா" என்று போர்வையை விலக்கினார். கரடி மல்லாந்து கிடந்தது.

"ஹை! யாருதுண்ணா இது?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "எம் பேத்தியுதுங்க மேடம்" என்றேன். பிறகு என்னவோ, அத்தனை நாள் அடக்கியதெல்லாம் வந்துவிட்டது. "அமுக்கினா சிரிக்குமாம் மேடம். இத்தினி நாளா அமுக்குறேன், ஒரு வாட்டி கூட சிரிக்கல. நீங்க என் மனசு நோவக் கூடாதுன்னு முன்னேற்றம் முன்னேற்றம்னு சொல்றீங்க. எனக்குத் தெரியும்."

மேடம் என்னையே பார்த்தார். கரடியை எடுத்தார். வயிற்றை அமுக்கினார். அது சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். சிரிக்கவில்லை.

"அண்ணா, நான் அமுக்கினாலும் சிரிக்கலியே?"

"இங்க குடு பாப்பா" என்று கோவிந்தசாமி கையை நீட்டினார். "மல்லாட்ட பறிச்ச கை இது. கல்லயே சிரிக்க வெப்பேன்." அவர் அமுக்கிய அமுக்கில் கரடிக்குக் கண் பிதுங்கியது. சத்தம் இல்லை. "தோ பாரு, உம்முனு கீது. எங்க சம்மந்தி மாதிரி" என்று திருப்பிக் கொடுத்தார்.

வெந்நீர் பிடித்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த செல்வி, ஃபிளாஸ்க்கோடு அப்படியே நின்றாள். "ஏங்க, அது சிரிக்கலியா? பக்கத்துல ஆளுங்க இருக்காங்கன்னு வெக்கப்பட்டு, சத்தம் வராம மெதுவா அமுக்குறீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

உடனே தேவிக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏன்டி, இந்தக் கரடி சிரிக்கவே மாட்டேங்குது?"

"ஐயோ அம்மா! பேட்டரி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல். "ஒண்ண திருப்பிப் போட்டு வெச்சிருந்தேம்மா. சுவிட்ச ஆஃப் பண்ணி வெச்சா இவ தானா போட்டுக்குறா, நாளெல்லாம் சிரிச்சி பேட்டரி தீந்து போவுது. சுத்தமா மறந்துட்டேன். அப்பா திட்டுறாரா?"

நம் வீடுகளில் இது எல்லோரும் செய்வதுதான். டார்ச் லைட்டில், ரிமோட்டில், பயன்படாத நேரத்தில் ஒரு பேட்டரியை எடுத்துத் தலைகீழாகப் போட்டு வைப்போம், வீணாகாமல் இருக்கட்டும் என்று. நானே செய்கிறவன். ஒயரும் பேட்டரியும் தெரிந்த டிரைவர். எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள்.

முதுகில் சின்ன மூடி, அதில் ஒரு திருகு. கோவிந்தசாமியின் மருமகள் நகவெட்டியைக் கொடுத்தாள். அதிலிருந்த அரத்தின் முனையால் செல்வி திருகைக் கழற்றினாள். அந்த அவசரத்தில் அவளே பிளாஸ்டிக் உறையையும் கிழித்துப் போட்டதை அப்புறம்தான் கவனித்தாள். பேட்டரியை நேராகப் போட்டு மூடினார்கள். மேடம் அமுக்கப் போனார்.

"இருங்கம்மா" என்றாள் செல்வி. "அவரு அமுக்கட்டும்."

என் மடியில் வைத்தார்கள். கட்டைவிரலை வயிற்றில் வைத்தேன். அமுக்கக்கூட இல்லை, வைத்ததுதான். கிக்கிக்கீ என்று ஆரம்பித்தது. குலுங்கியது, தொடையில் தட்டிக்கொண்டது, மூச்சு முட்டுவது போல நிறுத்தி மறுபடி சிரித்தது, மல்லாந்து என் மடியிலிருந்து உருண்டு கட்டிலில் விழுந்தது. விழுந்தும் சிரித்தது. கோவிந்தசாமி கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசிக் கட்டிலில் பேச்சே இல்லாமல் கிடந்த ஒருவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது வார்டா, பால்வாடியா?" என்று அதட்டிக்கொண்டு வந்த சிஸ்டர், கரடி உருளுவதைப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

சிரிக்காதது நான் மட்டும்தான். மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். கரடியின் வயிற்றைத் தடவிக் காட்டினார். என் கட்டைவிரல் பட்ட இடத்தில் உள்ளே பஞ்சு அமுங்கிக் குழியாகியிருந்தது.

"இது லேசா தொட்டாலே சிரிக்கும்ணா. நீங்க இத்தன நாளும் எவ்வளவு பலமா அமுக்கியிருக்கீங்க பாருங்க. இப்ப என் ரெண்டு விரலப் புடிங்க. கூச்சப்படாதீங்க, புடிங்க. இன்னும். இன்னும்."

பிடித்தேன்.

"ஐயோ, உடுங்கண்ணா, வலிக்குது!"

விட்டுவிட்டேன். மேடம் கையை உதறிக்கொண்டே சிரித்தார். விரல் நிஜமாகவே சிவந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தேன், என் கையாலேயே.

இந்த நோய் வந்து படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மெதுவாக வரும். வருவது உங்களுக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வருகிறது என்றால் நம்புங்கள். எனக்கு ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், சுளீர் என்று கரண்டு வைத்து மன்னிப்புக் கேட்ட அந்தப் பெண்ணுக்கும், படுக்கையில் என்னைக் கூச்சப்படாமல் புரட்டித் துடைத்த பணியாளர்களுக்கும், துவையல் உருண்டைக்கும், ஷோகேசைத் திறக்கச் சொல்லி அழுத என் பேத்திக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். செல்விக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இதை அவள் படிப்பாள், அது போதும்.

கரடி சிரித்ததற்கு மறுநாள் காலை கஞ்சி குடித்த பிறகு, செல்வியின் பட்டன் போனை வாங்கி, தாளாளர் அம்மாவின் எண்ணை நானே அமுக்கினேன். புது டிரைவர் கிடைத்துவிட்டாரா என்று கேட்டேன். "புது டிரைவரா? செல்வி அப்படி எதுவும் சொல்லலியே. இன்னும் கொஞ்ச நாள் ஆவும்னுதான சொன்னாங்க" என்றார். சரிங்கம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். செல்வி ஃபிளாஸ்க்கைக் கழுவ வெளியே போயிருந்தாள்.